கூலன்டை அளந்து இறக்குகிற ஒர்க்‌ஷாப்

ஆல்டோவில் வாட்டர் பம்ப் கசிய ஆரம்பித்ததும் கோவை சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மொத்தமே இரண்டு ஆள், போர்டுகூட வெயிலில் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. ஆனால் பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவர்கள் இஞ்சின் சூட்டைத் தணிக்கிற திரவமான கூலன்டை இறக்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், இனி என் வண்டி வேறு எங்கும் போகாது.

இதற்கு முன் வேறொரு இடத்தில் தெர்மோஸ்டாட் மாற்றினேன். அங்கே கூலன்டை இறக்கவே இல்லை, நேராக ஹோஸை உருவிவிட்டார்கள், அத்தனையும் ஆல்டர்னேட்டர் மேலும் பெல்ட் மேலும் கொட்டியது. அப்புறம் குறைந்த அளவுக்குக் குழாயைத் திறந்து போர் தண்ணீரை ஊற்றினார்கள். குடத்திலேயே உப்புப் படிகிற தண்ணீர் அது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களைச் சும்மா விடுமா?

இங்கே மெக்கானிக் முதலில் இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். "இஞ்சின் ஆறட்டுங்க, சூட்டோட மூடியத் தொறந்தா மூஞ்சிலயே பீச்சி அடிச்சிரும்." உண்மைதான், மூடி இருக்கிறவரை அழுத்தத்தில் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும், திறந்த நொடியில் பொங்கிவிடும். ஆறியதும் அடியில் ட்ரே வைத்து ரேடியேட்டரின் கீழ்த் திருகைத் தளர்த்தினார், நூல் மாதிரிதான் வந்தது, மேல் மூடியைத் திறந்ததும் மடமடவென்று இறங்கியது. துரு நிறம், போர் தண்ணீர் செய்த வேலை. அதை அளவு போட்ட கேனில் ஊற்றி இரண்டே முக்கால் லிட்டர் என்று சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "திரும்ப ஊத்தறப்ப இத்தனையாவது உள்ள போகோணும், போகலீன்னா எங்கியோ காத்து அடைச்சிருக்குதுன்னு அர்த்தமுங்க."

பம்ப் மாட்டி, டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முறை அலசி, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். இரண்டு லிட்டரிலேயே வாய்வரை வந்துவிட்டது. என்னை விட்டால் அங்கேயே மூடியிருப்பேன். அவர் மூடியைத் திறந்தே வைத்து இஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட, குமிழ் குமிழாகக் காற்று வந்து மட்டம் சரசரவென இறங்கியது. ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கிறவரை விடவில்லை. மொத்தம் மூன்று லிட்டர் போனது.

பழைய கூலன்டைச் சாக்கடையில் கொட்டாமல் கேனை இறுக்க மூடி மேலே வைத்தார், தரையில் சிந்தியதையும் உடனே கழுவிவிட்டார். கூலன்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், கொஞ்சம் நக்கினாலே நாய்க்குக் கிட்னி போய்விடும், அந்த ஷெட் வாசலில் எப்போதும் இரண்டு நாய்கள் படுத்திருக்கின்றன.

கூலி 900 ரூபாய், பம்பும் கூலன்டும் தனி, பில் கொடுத்தார். குறை என்றால் நேரம்தான், முழு நாள் ஆகிவிட்டது, உட்கார நிழலும் இல்லை. போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிடுங்கள், காலையில் இஞ்சின் ஆறி ரெடியாக இருக்கும்.