பிரிட்டிஷ் அரசின் சமூக ஆய்வுப் பிரிவில் ஓராண்டு பிளேஸ்மென்ட்: போகலாமா?

கவர்ன்மென்ட் சோஷியல் ரிசர்ச் என்பது ஓர் அலுவலகத்தின் பெயர் இல்லை. இது தெரியாமல்தான் நானும் விண்ணப்பித்தேன். பிரிட்டிஷ் சிவில் சர்வீஸில் பொருளாதார வல்லுநர்கள், புள்ளியியலாளர்கள் மாதிரி சமூக ஆய்வாளர்களும் ஒரு தனித் தொழில்பிரிவு. கல்வி, சிறை, வீட்டுவசதி, ஓய்வூதியம் என்று ஆளுக்கொரு துறையில் உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்களையும் பட்டப்படிப்பின் நடுவே ஓராண்டுக்குச் சம்பளம் கொடுத்து எடுக்கிறார்கள், அதுதான் பிளேஸ்மென்ட். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை லண்டனில் ஒரு துறையில் இருந்தேன். எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை, குறையும் சொல்ல வேண்டியிருப்பதால்.

முதலில் காசு விஷயம். ‘சாண்ட்விச் ஆண்டு’ என்று சொல்லும் இந்த வேலை ஆண்டிலும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் உண்டு. நான் வேலை பார்த்த 2023-24 கல்வியாண்டில் இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர்களுக்கு உச்சவரம்பு 1,850 பவுண்டு, அதாவது வழக்கமான 9,250-இல் ஐந்தில் ஒரு பங்கு. சம்பளம் துறைக்குத் துறை மாறும். லண்டன் வாடகை போக மிச்சம் பிடித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். விடுப்பு 25 நாள். அதுபோக பொது விடுமுறைகள், மன்னர் பிறந்தநாளுக்கென்று ஒரு நாள். வேலை நேரத்தில் அறுபது விழுக்காடாவது அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று நவம்பரில் அறிவிப்பு வந்தது. பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது லாபம்தான். பக்கத்து மேசையில் ஆள் இருந்தால்தானே சந்தேகம் கேட்க முடியும்?

முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் படிப்புத்தான். நிதியமைச்சகத்தின் மெஜன்டா புக் என்ற வழிகாட்டியைக் கையில் கொடுத்தார்கள். ஒரு திட்டம் பலன் தந்ததா என்று எப்படி மதிப்பிடுவது என்பதுதான் அதன் விஷயம். திட்டத்தில் சேர்ந்தவர்களில் இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்றால் போதாது. சேராமலே இருந்திருந்தால் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும் என்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் இது ஒரு ஸ்லைடு. இங்கே, கொள்கைப் பிரிவு அதிகாரி காலை பதினொரு மணிக்கு வந்து, “மதியம் அமைச்சருக்கு ஒரு வரி வேண்டும், பலன் இருந்ததா இல்லையா?” என்று நிற்பார். ‘இருந்திருக்கலாம், ஆனால்’ என்பதை ஒரே வரியில் நேர்மையாக எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் வசமாக மாட்டியது ஓர் அட்டவணையில். மாவட்டவாரியாக எண்ணிக்கை போட்டிருந்தேன். அதில் ஒரு கட்டத்துக்குள் வெறும் மூன்று பேர். அவ்வளவு சின்ன எண்ணை அப்படியே வெளியிட்டால் யார் என்று ஊரே கண்டுபிடித்துவிடும் என்பதால், அதை எடுத்துவிட்டு ‘ரகசியம்’ என்று காட்டும் குறியீட்டைப் போட்டேன். பெருமையாக அனுப்பியும் விட்டேன். மேலாளர் என் மேசைக்கு வந்தார், ஒன்றும் பேசவில்லை, ஒரு தாளில் வரிசையின் கூட்டுத்தொகையை எழுதி மற்ற எண்களை ஒவ்வொன்றாகக் கழித்தார். கடைசியில் மூன்று வந்து நின்றது. ஒன்றை மறைத்தால் அதே வரிசையில் இன்னொன்றையும், நெடுவரிசையிலும் ஒன்றையும் மறைக்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலிலேயே வைத்த கதை. திட்டவில்லை, அந்தத் தாளை மட்டும் என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

மறக்க முடியாதது, கேள்விகளைச் சோதிக்கும் நேர்காணல்கள். சர்வேயில் கேட்கப்போகும் கேள்வியை முன்கூட்டியே சிலரிடம் கேட்டு, பதில் சொல்லும்போது மனதில் என்ன ஓடியது என்று விசாரிப்பார்கள். நான் குறிப்பெடுத்தேன். ‘உங்கள் ஹவுஸ்ஹோல்டில் எத்தனை பேர்?’ ஒரு அம்மா மூன்று என்றார். பேசப் பேச ஐந்து ஆயிற்று. மாடியில் மகனும் மருமகளும் இருக்கிறார்கள், சமையல் ஒன்றாக, கூடமும் பொது. ஆனால் மகன் மாதாமாதம் வாடகை தருகிறானே, அதனால் அவன் கணக்கில் வரமாட்டான் என்று நினைத்திருக்கிறார். அதிகாரபூர்வ வரையறையில் வாடகைப் பேச்சே இல்லை. ஒரே முகவரியில் இருந்து, சமையல் வசதியையும், கூடத்தையோ சாப்பிடும் இடத்தையோ பகிர்ந்துகொண்டால் போதும், உறவாகக்கூட இருக்க வேண்டாம்.

எங்கள் மொழியில் இதற்குக் குடித்தனம் என்று ஒரு சொல் உண்டு, அடுப்பைப் பிரித்தால் தனிக்குடித்தனம், குடும்பம் என்பது வேறு என்று மேலாளரிடம் சொன்னேன். அந்த வாரக் கூட்டத்தில் அதை எடுத்துச் சொன்னார். கேள்விக்கு முன்னால் ஒரு விளக்க வரி சேர்ந்தது. என்னால்தான் என்று பீற்றிக்கொள்ள முடியாது, வேறு நாலு பேரும் அதே இடத்தில் தடுக்கியிருந்தார்கள்.

இனி குறைகள். மக்களைச் சந்திக்கும் வேலை என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அந்த நேர்காணல்கள் போக, களப்பணி முழுக்கத் தனியார் ஆய்வு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் போகிறது. நீங்கள் ஒப்பந்தப்புள்ளி அழைப்பு எழுத உதவி செய்து, அவர்கள் அனுப்பும் வரைவைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். என் ஏப்ரல் மாதம் முழுக்க அப்படியே போயிற்று. எனக்கென்று ஒதுக்கிய திட்டமும் டிசம்பர் வரை வரவில்லை. அதுவரை மற்றவர்களின் வரைபடங்களுக்கு நிறம் மாற்றினேன்.

அப்புறம், வெளியீடு. இறுதி வடிவம் முடிவாகி 12 வாரத்துக்குள் ஆய்வை வெளியிட வேண்டும் என்பது இந்தத் தொழில்பிரிவின் விதி. முடிவு அரசுக்குச் சாதகமோ இல்லையோ, வெளியே வந்தாக வேண்டும். நல்ல விதிதான். எங்கள் அறிக்கை தயாரான நேரம் பார்த்து, மே 22 அன்று அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் மழையில் நனைந்தபடி தேர்தலை அறிவித்தார். மே 25 முதல் துறைகளின் வெளியீடுகளை நிறுத்திவைக்கும் தேர்தல் கால கட்டுப்பாடு, ஜூலை 4 வாக்குப்பதிவு, பிறகு புது அரசு, புது அமைச்சர். நான் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்த நாள் வரை அறிக்கை வரவில்லை. இலையுதிர் காலத்தில் வந்தது, நூலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மாணவர் பெயரெல்லாம் போடமாட்டார்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். எண்களோடும் சொற்களோடும் சேர்ந்தே மல்லுக்கட்டப் பிடிக்கும் என்றால் போங்கள். சமூக மாற்றம் உடனே கண்ணில் தெரிய வேண்டும் என்பவர்களுக்குச் சரிவராது.

பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு தொடங்கியதுமே அறிவிப்புகளைப் பார்க்க ஆரம்பியுங்கள். நேர்முகத்தில், நீங்கள் செய்த ஒரு வேலையை எடுத்து என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது என்று வரிசையாகச் சொல்லச் சொல்வார்கள்; வகுப்புத் திட்டம் ஒன்றே போதும். வேலை உறுதியான பிறகும் பின்னணிச் சரிபார்ப்பு இழுக்கும். பழைய முகவரிகளையும் அங்கே இருந்த தேதிகளையும் இப்போதே எழுதி வையுங்கள். ஒரு தேதி ஒத்துவராமல் எனக்கு மூன்று வாரம் போயிற்று.