கீழக்கரை ரோட்டுப் பட்டறையில் பழைய எஸ்டீமுக்குக் கேஜ் போட்ட அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு, பழைய காரை டிராக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இன்னும் யாராவது இருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகிற வழியில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. அங்கேதான் என் பழைய மாருதி எஸ்டீம் காருக்கு ரோல் கேஜ் போட்டேன், அதாவது கார் உருண்டாலும் உள்ளே இருக்கிறவர் நசுங்காமல் காக்கிற இரும்புக் குழாய்க் கூண்டு. பெயர் போட வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார், போன் அடித்துக்கொண்டே இருந்தால் வெல்டிங்கில் கை நிற்காதாம். நாங்கள் எல்லாரும் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் வேலையின் தரம் துருவில்தான் தெரியும். நம்ம ஊர் உப்புக்காற்றில் பத்து வருஷம் நின்ற கார் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கார்பெட்டைத் தூக்கினால் ஃப்ளோர் அப்பளமாக நொறுங்கும். ரோல் கேஜின் கால்கள் அந்த ஃப்ளோரில்தான் உட்காருகின்றன. கார் உருண்டால் கேஜ் தாங்கும், ஃப்ளோர் தாங்காது, கால் நேராகக் கீழே குத்திக்கொண்டு போய்விடும். வேறு ஓர் ஊரில் விசாரித்தபோது துரு மேலேயே தகடு வைத்து அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். காக்கா சீட்டையும் கார்பெட்டையும் கழற்றி, சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், சத்தம் மாறுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினார். அதையெல்லாம் வெட்டி எடுத்து, நல்ல இரும்பு வரும் வரை போய், புதுத் தகடு வைத்து, அதற்கு மேல் 3 மில்லி கனத்தில் தனித் தகடு, அப்புறம்தான் கேஜ். வெல்டிங் ஆன அன்றே ப்ரைமரும் அடித்துவிட்டார். ஒரு ராத்திரி சும்மா விட்டாலே செந்நிறம் ஏறிவிடும்.

பைப்பிலும் ஏமாற்று இல்லை. ஓட்டுநரின் பின்னால் நிற்கிற பெரிய வளைவுக்கு சர்வதேச விதிப்படி 45 மில்லி விட்டம், 2.5 மில்லி கனம், இல்லாவிட்டால் 50-க்கு 2, அதுவும் தையல் இல்லாத, கோல்டு டிரான் (சூடாக்காமல் இழுத்துச் செய்த) பைப்பாக இருக்க வேண்டும். கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் போடுகிற பைப் பெயின்ட் அடித்த பிறகு பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், விலை ரொம்பக் குறைவு. வெட்டிய துண்டின் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், நீளவாக்கில் ஒரு கோடு தட்டுப்பட்டால் அது வேண்டாம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். மிச்சத் துண்டுகளையும் திருப்பிக் கொடுத்தார்.

குறை என்றால் நேரம். அவர் சொல்கிற தேதியை நம்பி ரேஸுக்கு எண்ட்ரி கட்டிவிடாதீர்கள். பட்டறையின் சோறு இப்போது படகு இன்ஜின்களில்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும், கரையேற்றிய படகுகளின் வேலைதான், கார் மூலையில் கிடக்கும். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. முன்பு அந்தக் கொட்டகையில் நாலைந்து ரேஸ் கார்கள் ஸ்டாண்டில் ஏறி நிற்கும். இந்தத் தடவை என்னுடையது ஒன்றுதான். கூட ஓட்டியவர்களில் ஒருவன் காரை விற்றுவிட்டுத் துபாய் போய்விட்டான், இன்னொருவன் எண்ட்ரி கட்டுகிற பணத்தில் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறான்.

டிங்கரிங், கேஜ் எல்லாம் சேர்த்து என்னிடம் வாங்கியது 80 ஆயிரம். செய்த வேலைக்கு இது நியாயமான கூலி. ஆனால் கையைக் கடிப்பது அதற்குப் பிறகு வருவதுதான். ரேஸ் ஹெல்மெட், தீப்பிடிக்காத சூட், கழுத்தைக் காக்கிற ஹான்ஸ் கருவி, இந்த மூன்றுமே லட்சத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு, சாதாரண ரேஸ் சீட் என்றால் ஐந்து வருஷம்தான். கிழியாவிட்டாலும் மாற்றியாக வேண்டும். பாதுகாப்பு விதியைத் தளர்த்து என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன், சுமை யார் தலையில் விழுகிறது என்றுதான் சொல்கிறேன். எஸ்டீம் உற்பத்தி 2007-ஓடு நின்றுவிட்டது, சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டைக் காயலான் கடைகளைத்தான் தேட வேண்டும். நமக்குப் பக்கத்தில் இருக்கிற டிராக் என்றால் கோவை செட்டிபாளையம், அதுவே 300 கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் 500 பக்கம் வரும். காரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற வாடகை எண்ட்ரி பீஸையே விழுங்கிவிடும்.

செட்டிபாளையம் டிராக்குக்குக் கரிவரதன் பெயரை வைத்திருக்கிறார்கள். 1980-களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து, குறைந்த செலவில் ஓட்டுகிற மாதிரி ஃபார்முலா மாருதி காரைக் கட்டியவர் அவர். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் அந்தச் சின்னக் காரில்தான். அப்படி ஒரு முதல் படி இன்றைக்கு நம்ம பையன்களுக்கு எங்கே இருக்கிறது? 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் அணி அதன் பிரிவில் மூன்றாவதாக வந்ததும், காக்கா பட்டறைக்குப் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். கணக்கைக் கேட்டுவிட்டுப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களில் சிலரைத்தான் இப்போது முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போகிற ரோட்டில் விடியற்காலையில் பார்க்கிறேன். 2017-ல் திறந்த, நேராகக் கிடக்கிற ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு, இரண்டு பக்கமும் கடல், நடுவில் காற்று கொண்டுவந்து போட்ட மணல், எதிரே சுற்றுலா வேன். கேஜும் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. தம்பிகளா, தயவுசெய்து அங்கே வேகம் காட்டாதீர்கள்.

நிஜமாக ஓட்ட வேண்டுமென்றால் ஆட்டோகிராஸிலிருந்து (மண் மைதானத்தில் நேரம் பார்த்து ஓட்டுகிற போட்டி) தொடங்குங்கள், செலவு அங்கே எவ்வளவோ குறைவு. ஒரே காரை இரண்டு பேர் தங்கள் பெயரைக் கொடுத்து மாற்றி மாற்றி ஓட்ட விடுகிற போட்டிகளும் உண்டு, காரைக் கட்டுகிற செலவு ஆளுக்குப் பாதியாகும். காக்காவிடம் போவதானால் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய பிறகு போங்கள். சீட், கார்பெட், டோர் பேட் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போனால் கூலியில் குறைத்துக்கொள்வார்.