பெரிய எழுத்து மதுரைவீரன் வாங்கிய கடை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலெதிரே உள்ள புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே நெடுங்காலம் நடந்து, பின்னர் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம்பெயர்ந்த புத்தகக் கடைகளுள் ஒன்றுக்கு, அரசால் கள்வரென்றும் கலகக்காரரென்றும் தண்டிக்கப்பட்டவர்களை ஊர் வீரர்களாக்கிப் பாடிய கதைப்பாடல்களைத் தேடிக் கடந்த மாதம் போயிருந்தேன். பஞ்சாங்கமும் சோதிட நூல்களும் முன்வரிசையை அடைத்துக்கொள்ள, கதைப்பாடல்கள் பின்னால் கட்டு அவிழ்க்காமலே கிடந்தன.

நான் வாங்கியது, பெரிய எழுத்துகளில் அச்சிட்டு மலிவாக விற்கும் வரிசையைச் சேர்ந்த ‘பெரிய எழுத்து மதுரைவீரன் கதை’. தாள் பழுப்பு, விலை ஒரு வேளைச் சாப்பாட்டைவிடக் குறைவு. மனத்துக்குள் படிப்பவருக்குத் திரும்பத் திரும்ப வரும் அடிகள் சலிப்பூட்டலாம். வாய்விட்டுப் படிப்பவருக்கோ அவைதாம் மூச்சு வாங்கும் இடங்கள். பாளையக்காரர் மகள் பொம்மியை அழைத்துக்கொண்டு போனவனும், அழகர்மலைக் கள்ளரை அடக்கத் திருமலை நாயக்கருக்கே தேவைப்பட்டவனுமான வீரன், அரசவை நாட்டியக்காரி வெள்ளையம்மாளை நாடிப்போன இரவில் பிடிபட்டு, கள்வன் என்ற பெயரில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான்; அதாவது ஒரு பக்கக் காலும் மறுபக்கக் கையும் வெட்டப்படுகின்றன. அவனுக்கு மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே சந்நிதி இருக்கிறது. (கள்ளரை அடக்கியவனையே கலகக்காரனாகப் பாடுவதிலுள்ள முரண் பாடுகிறவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.) எனக்கு உறுத்துவது வேறு: அருந்ததியர் குடியில் வளர்ந்தவனைப் பிறப்பால் காசி மன்னன் மகன் என்று சொல்லி, பொம்மியோடு அவன் செய்த சாதி மீறலின் கூர்மையை இந்த அச்சுக்கதை மழுக்கிவிடுகிறது.

பிரதியிலும் குறை இருந்தது. ஒரு பாரம் (சேர்த்து மடித்துத் தைக்கும் பக்கத் தொகுதி) இருமுறை தைக்கப்பட்டு, அடுத்த பாரம் விடுபட்டிருந்தது. போனது மாறுகால் மாறுகைக் கட்டம். மறுநாள் கொண்டுபோனபோது கடைக்காரர் முகம் சுளிக்காமல் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு பிரதியாகப் புரட்டி, ஐந்தாவதில் முழுமையானதைக் கண்டெடுத்தார். புரட்டும்போதே விடுபட்ட பகுதியின் நான்கைந்து அடிகளை மெல்லிய குரலில் இழுத்துப் பாடினார். அந்த இழுப்பைக் கேட்டபின்தான் அச்சிலிருந்த அடிகளை எங்கே முறிப்பது என்று எனக்குப் பிடிபட்டது.

கும்பினிக்காக (ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக) மதுரையை ஆண்டு, பிறகு அதையே எதிர்த்து, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட கான்சாகிபுவின் கதைப்பாடலையும் கேட்டேன். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல் அது. கான்சாகிபுவின் தர்கா இதே ஊரில், சம்மட்டிபுரத்தில் இருந்தும் கடையில் ஒரு பிரதிகூட இல்லை. “அதக் கேட்டு யாரும் வர்றதில்லை சார்” என்ற கடைக்காரர், நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பெயரைக் குறித்துக்கொண்டார்.