மட்டக்களப்பில் இருந்தபடி லண்டன் மின்னஞ்சலைப் பார்த்த கதை

போன முறை ஊருக்குப் போனபோது பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து ஜிமெயிலைத் திறக்கப் பார்த்தேன். புது நாட்டிலிருந்து திறக்கிறேன் என்று அது சந்தேகப்பட்டு, என் லண்டன் நம்பருக்குக் குறியீடு அனுப்பியது. அந்த சிம் லண்டன் வீட்டு மேசை லாச்சிக்குள் கிடந்தது. இரண்டு கிழமை கழித்து லண்டன் வீட்டுக்கு வந்து ஜிமெயிலைத் திறந்து பார்த்தால், மனைவியின் அறுவைச் சிகிச்சைத் திகதியை உறுதிப்படுத்தச் சொல்லி ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதம் கிடந்தது. பதில் போகாததால் அந்தத் திகதியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் இன்னும் நாலு மாதம் நோவோடு காத்திருந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது.

இந்த முறை புறப்பட ஒரு கிழமைக்கு முன்பே வேலையைத் தொடங்கினேன். ஊரில் பாவிக்கவென்று புதிதாக ஒரு ஜிமெயில் முகவரி திறந்தேன். பிறகு பழைய கணக்கில், வரும் கடிதங்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் ஃபோர்வேர்ட் வசதியைப் போட்டேன். இதைப் போன் ஆப்பில் செய்ய முடியாது, கணினியில்தான் செய்யவேண்டும். புது முகவரிக்கு ஒரு உறுதிப்படுத்தும் குறியீடு வரும், அதைக் கொடுத்தால்தான் வேலை செய்யும். எல்லாக் கடிதங்களையும் அனுப்பாமல், ஃபில்டர் போட்டு ஆஸ்பத்திரி, வேலையிடம், மகனின் பள்ளிக்கூடம் ஆகிய மூன்றிலிருந்தும் வருவதை மட்டும் திருப்பிவிட்டேன். விளம்பரக் கடிதங்கள் வந்து டேட்டாவைத் தின்னவில்லை. போன் தொலைந்தாலும் வங்கி விஷயங்கள் அதற்குள் இல்லை.

இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். ஃபில்டர் இனி வரப்போகும் கடிதங்களைத்தான் அனுப்பும், ஏற்கெனவே வந்தவற்றை அனுப்பாது. அடுத்தது, புது முகவரியிலிருந்து பதில் போட்டால் ஆஸ்பத்திரிக்கு நான் யாரென்றே தெரியாது. அதனால் பழைய முகவரியின் பெயரிலேயே பதில் போகும்படி அமைப்புகளில் அதையும் சேர்த்துக்கொண்டேன். லண்டன் சிம்மை ரோமிங்கோடு போனின் இரண்டாவது துளையில் போட்டுக்கொண்டேன், குறியீட்டு எஸ்.எம்.எஸ். வரவேண்டுமே.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர் சிம் எடுத்தேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெரியம்மா வீடு கொக்கட்டிச்சோலையில். முன்பு மண்முனைத்துறையில் பாதைக்கு, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைக்கு, காத்திருந்து வாவியைக் கடப்போம். 2014இல் பாலம் திறந்தபிறகு நேரே வாகனத்தில் போய் இறங்கலாம். நகரில் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பெரியம்மா வீட்டுக்குள் ஒரு கோடுதான் காட்டியது, கிணற்றடிக்குப் போனால் மூன்று. "என்ன மனே, இந்த வெயிலுக்க போனோட நிக்கிறாய்?" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கடிதங்களோடு வரும் படம், கோப்பு போன்ற இணைப்புகள் தானாக இறங்குவதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றிவிட்டேன். அப்புறம் எழுத்து மட்டும் சிரமமில்லாமல் வந்தது.

ஆறாம் நாள் காலை ஒன்றுமே வரவில்லை. டேட்டா முடிந்திருந்தது, முடியப்போகிறது என்று வந்த எஸ்.எம்.எஸ்.ஸை நான் கவனிக்கவில்லை. சந்தியில் இருந்த கடைத் தம்பி ரீலோட் போட்டு, பக்கேஜையும் அவரே எடுத்துத் தந்தார். அதற்கென்று மேலதிகமாக ஒரு சதமும் வாங்கவில்லை.

அன்று பின்னேரம் தான்தோன்றீஸ்வரர் கோயில் வீதியில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரிதான், மனைவியின் மறுபரிசோதனையை முன்தள்ளியிருந்தார்கள், இரண்டு நாளுக்குள் பதில் வேண்டும் என்றார்கள். தேர்முட்டியடியில் நின்றபடியே "சம்மதம்" என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவர்களின் பதிலும் வந்தது. உடனே வட்ஸ்அப்பில் மனைவிக்குக் கோல் எடுத்தேன்.

போனை மச்சானிடம் கொடுத்துவிட்டு வருவதென்று முடிவு செய்ததால், புறப்படுமுன் புதுக் கணக்கை அதிலிருந்து நீக்கினேன். லண்டன் வந்ததும் முதல் வேலையாக அந்த மூன்று ஃபில்டர்களையும் அழித்தேன்.