பெயர் வெட்டப்பட்ட மாத்திரைகள்: கும்பகோணத்தில் நான்கு வாரங்கள்

கடந்த தை மாதம் லண்டனிலிருந்து விடுப்பெடுத்துக் கும்பகோணம் சென்றிருந்தேன். அம்மாவுக்கு வயது 68. நான்கு ஆண்டுகளாக முழங்கால் வலி என்றே தொலைபேசியில் சொல்லிவந்தார். வாசற்படியில் இறங்க வலது காலை எடுத்து வைக்க அவர் தயங்குவதையும், கோலம் போடும் வேலையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டதையும் நேரில் கண்ட பிறகுதான் விஷயத்தின் கனம் எனக்குப் புரிந்தது. காணொளி அழைப்புகளில் அவருடைய முகம் சற்றுப் பூசினாற்போல் தெரிந்ததைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டது என்று நான் மகிழ்ந்திருந்தேன்.

மருந்து எங்கே என்று கேட்டதற்கு ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே செய்தித்தாளை மடித்து ஒட்டிய உறைகள் இருந்தன. காலைக்கும் இரவுக்கும் பேனாவால் கோடு கிழித்திருந்தார்கள். அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு துண்டுகளில் ஒன்றில் 'ஃபெனாக்' என்ற கடைசி எழுத்துகள் மட்டும் எஞ்சியிருந்தன. மற்றொன்றில் காலாவதித் தேதியின் பாதி. மூன்றாவது, உறையே இல்லாத சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை. தெருமுனை மருந்துக் கடையில் "மூட்டு வலிக்கு ஒரு செட்டு" என்று கேட்டால் இவை மூன்றும் கிடைக்கும் என்றார் அம்மா.

இதய நோய் அபாயம் கருதி, 'ஃபெனாக்' என்று முடியும் வலி நிவாரணிகளில் ஒன்றான டைக்ளோஃபெனாக் மாத்திரையை மருத்துவர் சீட்டில்லாமல் விற்பதை 2015 ஜனவரியில் பிரிட்டன் நிறுத்திவிட்டது. இந்தியச் சட்டமும் இதில் தளர்வானதன்று: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் இரண்டும் சீட்டின்பேரில் மட்டுமே விற்க வேண்டிய 'ஹெச்' அட்டவணை மருந்துகள். அட்டையைக் கத்தரித்து உறையில் போடும்போது, சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அதில் அச்சிட்ட எச்சரிக்கையும் பெயரோடு சேர்ந்து காணாமற்போகிறது.

மறுநாள் மாலை எலும்பு மருத்துவர் ஒருவரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். இங்குள்ள சேவையின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும்: அதே கட்டடத்தில் அரை மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே எடுத்துப் படத்தைக் கையில் கொடுத்தார்கள். மருத்துவர் அம்மாவைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிக் காலை உட்புறமாக மெல்லத் திருப்பியதும் அம்மாவின் கை தொடை இடுக்குக்குப் போனது. கோளாறு இடுப்பு மூட்டில்தான் என்றும், அங்கே தொடங்கும் வலி தொடை வழியாக இறங்கி முழங்காலில் தெரிவது வழக்கம் என்றும் அவர் விளக்கினார். படத்தில் தொடை எலும்பின் பந்து மேற்புறத்தில் தட்டையாகியிருந்தது. அது பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணத்துக்கும் அதற்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய மறைந்திருந்தது.

வலி மாத்திரைகள்தாம் மூட்டை அரித்தனவா என்று கேட்டேன். அவர் அவசரப்படாமல் பதில் சொன்னார். டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின் போன்ற அழற்சி எதிர்ப்பு வலி நிவாரணிகள் மீதான இந்தச் சந்தேகம் 1960-களிலிருந்தே உண்டு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2005-இல் வெளியான ஆய்வில், 180 நாள்களுக்கு மேல் டைக்ளோஃபெனாக் எடுத்தவர்களிடம் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் கூடுதலாக முன்னேறியிருந்தது. ஆயினும் மூட்டு மோசமாக இருப்பவர்தானே அதிகமாக மாத்திரை போடுவார்? ஆகவே மாத்திரையால் தேய்ந்ததா, தேய்ந்ததால் மாத்திரை போட்டாரா என்பதை அத்தகைய ஆய்வால் மட்டும் பிரித்தறிய முடியாது. வலி மரத்துப்போவதால் கெட்ட மூட்டின் மீது பாரம் ஏற்றிக்கொண்டே நடப்பதும் ஒரு காரணமாகலாம். இந்த மருந்துகள் எலும்பைத் தொடாதவை என்றும் சொல்லிவிட முடியாது. செயற்கை இடுப்பு மூட்டு பொருத்திய பின், சுற்றியுள்ள தசையில் வேண்டாத எலும்பு வளராமல் தடுக்க இண்டோமெத்தசினையே கொடுப்பதுண்டு.

பிறகு அவர் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை விரலில் வைத்துப் பார்த்தார். அது ஸ்டீராய்டாக இருந்தால் கதை வேறு என்றார். ஸ்டீராய்டு மிகுந்தால் தொடை எலும்பின் பந்துக்குப் போகும் இரத்த ஓட்டம் கெட்டு, எலும்பு மடிந்து, பந்து நசுங்கலாம் என்பது உறுதியாக அறியப்பட்ட ஒன்று. அம்மாவின் முக உப்பலையும், கையிலிருந்த கன்றிய திட்டுகளையும் ஸ்டீராய்டின் அறிகுறிகளாகலாம் என்று அவர் குறித்துக்கொண்டார். ஆனால் இவ்வளவு தூரம் சிதைந்த மூட்டில் எது முதற்காரணம் என்பதைப் படம் மட்டும் சொல்லாது. இத்தனை ஆண்டுகளாக என்ன சாப்பிட்டார் என்பது தெரிய வேண்டும்.

கடைக்குப் போனேன். "வீக்கம் வத்துறதுக்குக் கொடுக்கிறதுதான் அண்ணே" என்றார் அந்தத் தம்பி. இரவு பத்து மணிக்கும் கடனுக்கு மருந்து கொடுத்து அம்மாவுக்கு உதவியவர். அவரிடம் கோபத்தோடு பேச என்னால் முடியவில்லை. மூன்றாவது முறை கேட்ட பிறகு ஒரு பெரிய டப்பாவை எடுத்துக் காட்டினார். அதன் மேல் டெக்சாமெத்தசோன் என்றிருந்தது: ஸ்டீராய்டேதான். முந்தைய ஆண்டுகளில் கொடுத்ததும் இதுதானா என்றால், "அப்பப்ப வேற வேற வரும்" என்கிறார். ரசீது ஒன்றுகூட இல்லை.

காலையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அம்மாவின் உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டான கார்டிசாலின் அளவு குறைவாக இருந்தது. நீண்ட நாள் ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதால், அதைப் படிப்படியாகக் குறைக்கும் முறையை மருத்துவர் தேதி வாரியாக எழுதித் தந்தார். சிறுநீரகம் பாதிக்கப்படவில்லை என்று தெரிந்த அன்றிரவுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், கைத்தடியை வலி உள்ள வலது பக்கம் பிடித்திருந்த அம்மாவிடம் இடது கைக்கு மாற்றச் சொன்னார். அப்படிப் பிடித்தால்தான் வலது இடுப்பின் மீதான பாரம் குறையும். அம்மா மறுநாளே முற்றம் வரை அதிகம் நொண்டாமல் நடந்தார். அறுவை சிகிச்சை பற்றிய முடிவைச் சித்திரைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

புறப்படும் முன் நாற்பது பக்க நோட்டு ஒன்றில், மருத்துவர் கேட்டபடி அம்மாவின் மருந்து வரலாற்றை எழுதி, இப்போது முழு அட்டையாக வாங்கியவற்றின் ரசீதுகளையும் ஒட்டிவைத்தேன். முதல் வரியில் இப்படித்தான் எழுத முடிந்தது: "நான்கு ஆண்டுகள், நாளொன்றுக்கு இரு வேளை. பெயர் தெரியாது."