ஊர் கூடிப் படிக்கும் வரலாறு: சில பருவங்களுக்குப் பிறகு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் வாசிப்புத் திட்டத்துக்குச் சில பருவங்களாகப் போய்வருகிறேன். மாணவர்கள், பேராசிரியர்கள், ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். கட்டணம் கிடையாது. காலனிய வரலாறும் அடிமை முறையும்தான் பொருள்.

சென்ற முறை எடுத்தது 'யேல் அண்ட் ஸ்லேவரி'. இதே மாநிலத்தில் இருக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்பைச் சொல்வது. வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் எழுதி 2024 பிப்ரவரியில் வந்த நூல், இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அடிமை முறை என்றாலே தெற்கு மாநிலங்கள்தான் என்ற நினைப்பு சீக்கிரமே உதிர்ந்துவிடுகிறது. யேலில் இன்றும் நிற்கும் கனெக்டிகட் ஹால் என்ற கட்டடத்தை 1750களின் தொடக்கத்தில் கட்டியவர்களில் அடிமைகளும் உண்டு. இந்த மாநிலத்தில் அடிமை முறை முழுதாக ஒழிந்ததே 1848இல்தான்.

அதிகம் பேசப்பட்டது 1831. யேல் இருக்கும் நியூ ஹேவன் ஊரில் கறுப்பினத்தவருக்கு ஒரு கல்லூரி தொடங்கும் யோசனை ஊர்க்கூட்டத்துக்கு வந்தது. எதிர்த்தவர்கள் சுமார் 700 பேர், ஆதரித்தவர்கள் 4 பேர். அந்த நாலு பேரைப் பற்றியே ஒரு மாலை முழுக்கப் பேசினோம். அதே 1830களில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஜேம்ஸ் பென்னிங்டன் யேலின் இறையியல் வகுப்புகளுக்கு வந்தார். உட்கார்ந்து கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது, நூலகத்தைப் பயன்படுத்தக் கூடாது. அவருக்குப் பட்டம் கொடுத்தது 2023இல்! இதையெல்லாம் தனியாகப் படித்திருந்தால் பக்கத்தைப் புரட்டிப் போயிருப்பேன். இந்த ஊரிலேயே தலைமுறைகளாக வாழும் கறுப்பினப் பெரியவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கும்போது அப்படிப் போக முடிவதில்லை.

எனக்கு இருக்கும் பெரிய குறை, நம் கடற்கரையை அவசரமாகக் கடந்துபோவது. எலிஹு யேல் சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் (1687–92). ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்ட கோட்டைக் கூட்டத்தில் அவரும் இருந்தார். பின்னாளில் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கை விற்று வந்த 562 பவுண்டுக்காகத்தான் 1718இல் கல்லூரிக்கு அவர் பெயர். அந்தப் பொதிகளில் மஸ்லின், காலிகோ என்ற பருத்தித் துணிகளும் இருந்தன. இதற்கு எங்கள் குழு ஒதுக்கியது கடைசி இருபது நிமிடம். அட்லாண்டிக்கைத் தாண்டி யோசிக்க ஏனோ இங்கே ஒரு தயக்கம்.

மற்றபடி, வார நாளில் மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் என்றால் ஷிஃப்ட் வேலைக்காரர்கள் எப்படி வருவார்கள்? பேராசிரியர்கள் மைக்கைப் பிடித்தால் விடுவதும் இல்லை. சின்னச் சின்ன மேசைகளாகப் பிரித்த பிறகு இது கொஞ்சம் பரவாயில்லை. புத்தகம் பாதி தாண்டும்போது கூட்டமும் பாதியாகிவிடும். ஆனால் நல்ல பேச்சு தொடங்குவது அப்புறம்தான்.

சேர்வதென்றால் செப்டம்பரிலேயே சேருங்கள். நடுவில் நுழைபவர்களுக்குப் பின்கதை சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை.