ஐ.இ.ஏ. நிலக்கரி அறிக்கை: ஐந்துக்கு மூன்றரை

ஒரு சாயப்பட்டறைக்குக் கரி வாங்கிப் போடுவது என் வேலை. பாய்லர் நிற்கக் கூடாது, விலையும் கையைக் கடிக்கக் கூடாது. அதனால் பாரிசில் இருக்கும் சர்வதேச எரிசக்தி முகமை, அதாவது ஐ.இ.ஏ., டிசம்பர்தோறும் வெளியிடும் நிலக்கரி அறிக்கையைச் சில வருடங்களாக விடாமல் படிக்கிறேன். இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். சும்மா கிடைப்பதைக் குறை சொல்லலாமா என்று கேட்டால், தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அரசாங்கங்களும் வங்கிகளும் பேசுகின்றன.

பெரிய குறை கணிப்புகள்தான். 2020 அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 2025-இல் உலகம் சுமார் 740 கோடி டன் எரிக்கும், 2013-இல் தொட்ட 800 கோடியே உச்சமாக நின்றுவிடும் என்று எழுதியிருந்தார்கள். கோவிட் வருடம், ஊரே படுத்துக் கிடந்தது, சரி, மன்னிக்கலாம். 2022-இல் 800 கோடியைத் தாண்டியாயிற்று. 2023-இல் 850 கோடி, ஆனால் இனி இறக்கம்தான், 2026-க்குள் 2.3 சதவீதம் குறையும் என்றார்கள். அடுத்த டிசம்பரிலேயே அதை மாற்றி, 877 கோடி, 2027 வரை பெரிதாக ஏறாது இறங்காது என்றார்கள். 2025 அறிக்கையில் 885 கோடி, 2030-க்குள் லேசாகக் குறையுமாம். 740 எங்கே, 885 எங்கே! தவறிய அந்த 145 கோடி டன், இந்தியா ஒரு வருடம் முழுக்க வெட்டியெடுக்கும் கரியைவிட அதிகம்.

அப்புறம் ஏன் படிக்கிறாய் என்பீர்கள். கணிப்பை விட்டுவிட்டு, போன வருடம் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்ற பகுதிகளைப் படித்தால் இதற்கு ஈடு வேறு இல்லை. உலகில் எரியும் மூன்று டன்னில் ஒரு டன் சீனாவின் மின் நிலையங்களில் எரிகிறது. அங்கே அணையில் தண்ணீர் குறைந்தால், வெயில் கொளுத்தினால், காற்று நின்றால், உலகக் கணக்கே ஆடிப்போகும். 2025-இல் இந்தியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர்: பருவமழை சீக்கிரம் வந்து நன்றாகப் பெய்தது, ஏசி ஓட்டம் குறைந்தது, நீர் மின்சாரம் கூடியது, கரிப் பயன்பாடு இறங்கியது. அதே வருடம் அமெரிக்காவில் எரிவாயு விலை ஏறி, கரி மறுபடி எரிய ஆரம்பித்தது. இந்த மாதிரி முடிச்சுகளை அவிழ்த்துக் காட்டுவதில் இவர்கள் கெட்டிக்காரர்கள்.

நீண்ட காலக் கணக்குக்கு இந்த அறிக்கை போதாது, 2050 வரை பார்க்கும் பெரிய அறிக்கை ஒன்று தனியாக வருகிறது. அதன் 2025 பதிப்பில், இப்போதைய கொள்கைகளே தொடர்ந்தால் எண்ணெயும் எரிவாயுவும் 2050 வரை ஏறிக்கொண்டே போகும், கரி மட்டும் 2030-க்கு முன்பே இறங்கத் தொடங்கும் என்று இருக்கிறது. இதை நான் ஓரளவு நம்புகிறேன். 2025-இன் முதல் பாதியில் உலக மின்சாரத்தில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு முதல் முறையாகக் கரியைத் தாண்டியிருக்கிறது. ஆனால் பங்கு குறைவது வேறு, டன் குறைவது வேறு. மொத்த மின்தேவை வீங்கிக்கொண்டே போகும்போது, பங்கு சரிந்தாலும் கரி வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தலைப்பை மட்டும் படிக்கிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கரி விலை பார்க்க இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை நம்பி ஸ்டாக் எடுக்காதீர்கள். 2022 ஜனவரியில் இந்தோனேசியா ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தியது, அதே வருடம் ஆஸ்திரேலியக் கரி டன் 400 டாலரைத் தாண்டியது. வருடத்துக்கு ஒரு முறை வரும் அறிக்கையில் இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் வரும். தலைப்பில் போடும் மொத்த டன் கணக்கையும் கவனமாகப் பார்க்க வேண்டும், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் நல்ல ஆஸ்திரேலியக் கரியும் அதில் ஒரே டன்தான். பாய்லர்காரனிடம் கேட்டால் சிரிப்பான்.

அடுத்த டிசம்பரில் முதல் பக்கத்திலேயே, முன்பு சொன்னதையும் உண்மையில் எரிந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் ஓர் அட்டவணையாகப் போடட்டும், நாலரை தருகிறேன்.